‘ஊரழிப்பவர்’ முதல் ‘ரயில் ஜோ’ வரை: அமெரிக்க அதிபர்களுக்குப் பட்டப்பெயர் வந்த கதை

அமெரிக்க அதிபர் பதவியை இதுவரை 45 பேர் வகித்துள்ளனர். குரோவர் கிளீவ்லேண்டும் டோனல்ட் டிரம்ப்பும் இடைவெளி விட்டு இரண்டு முறை பதவிக்கு வந்ததால் வரிசைக் கணக்கில் 47 வருகிறது. இவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயராவது உண்டு. சிலருக்கு ஐந்தாறு.

தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கும். பட்டப்பெயர் எப்போதும் காரணப்பெயர்தான். அந்தக் காரணத்தைத் தேடிப் போனால் அதிபர் செய்த காரியம் தெரியவரும். அதோடு, அந்தக் காரியம் யாரை வாழ வைத்தது, யாரை வதைத்தது என்பதும் தெரியவரும். பெயரை வைத்தது ஆதரவாளரா, எதிராளியா, அடிபட்டவரா என்று பார்க்காமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. முதல் அதிபரிலேயே இது தொடங்கிவிடுகிறது.

ஒரே காலம், இரண்டு பெயர்கள்

ஜார்ஜ் வாஷிங்டனை ‘நாட்டின் தந்தை’ என்பர். அச்சில் இந்தப் பெயர் முதலில் வந்தது ஆங்கிலத்தில் அல்ல. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் குடியேறியிருந்த ஜெர்மானியர்களுக்காக, 1779ஆம் ஆண்டுக்கென அச்சிடப்பட்ட ஜெர்மன் மொழிப் பஞ்சாங்கத்தில்தான் அவரை நாட்டின் தந்தை என்று குறிப்பிட்டனர். அப்போது அவர் அதிபரும் அல்லர். பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட படையின் தளபதி மட்டுமே.

அதே 1779இல் வாஷிங்டனின் உத்தரவின்பேரில் தளபதி ஜான் சல்லிவன் தலைமையில் ஒரு படை, இன்றைய நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குள் நுழைந்தது. அது இராக்குவா கூட்டமைப்பைச் சேர்ந்த பழங்குடி மக்களின் நிலம். கூட்டமைப்பின் ஆறு இனங்களில் பெரும்பாலானவை அந்தப் போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்றன. ஊர்களைப் பிடிப்பது மட்டும் போதாது, முற்றாக அழிக்க வேண்டும் என்பது வாஷிங்டன் எழுத்தில் கொடுத்த கட்டளை. 40க்கும் மேற்பட்ட கிராமங்கள் எரிக்கப்பட்டன. அறுவடைக்கு நின்ற சோளம் கொளுத்தப்பட்டது. பழமரங்கள் வெட்டப்பட்டன. அடுத்து வந்த குளிர்காலத்தில், நயாகரா கோட்டையைச் சுற்றி அடைக்கலம் தேடிய மக்கள் பசியாலும் குளிராலும் மடிந்தனர்.

அந்த மக்கள் வாஷிங்டனை அழைத்த பெயர் ‘ஊரழிப்பவர்’. இதில் ஒரு விந்தை உண்டு. பெயர் 1779இல் புதிதாகப் பிறந்ததல்ல. வாஷிங்டனின் கொள்ளுத் தாத்தா ஜான் வாஷிங்டனுக்குப் பழங்குடியினர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வைத்த பெயர் அது. 1753இல், 21 வயது இளைஞனாக ஒஹாயோ பள்ளத்தாக்குக்குத் தூது சென்ற ஜார்ஜுக்கு, தனகாரிசன் என்ற தலைவர் அதைப் பரம்பரைச் சொத்தைப் போல எடுத்துக் கொடுத்தார். இளம் வாஷிங்டனுக்கு அப்போது அதில் பெருமைதான். 1755இல் எழுதிய கடிதம் ஒன்றில் பழங்குடி நண்பர்களிடம் தம்மை அந்தப் பெயராலேயே, அவர்கள் மொழியில் ‘கொனோடகாரியஸ்’ என்று, குறிப்பிட்டிருக்கிறார். பொருள் என்னவென்று தெரிந்தேதான்.

1790இல் செனெக்கா இனத் தலைவர் கார்ன்பிளான்டர் பிலடெல்பியாவுக்கு வந்து அதிபர் வாஷிங்டனிடம் முறையிட்டார். உமது படை எங்கள் நாட்டுக்குள் வந்தபோது உம்மை ஊரழிப்பவர் என்றோம். இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் முகம் வெளிறித் திரும்பிப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நாட்டின் அதிபருக்கு நேராக வைத்த குற்றச்சாட்டு அது. கார்ன்பிளான்டர் அதற்கு வேறு வாதம் எதையும் தேடவில்லை. பெயரையே சாட்சியாக வைத்தார்.

அந்தப் பெயர் வாஷிங்டனோடு முடிந்துவிடவும் இல்லை. இராக்குவா மக்கள் தங்கள் மொழிகளில் அமெரிக்க அதிபர் என்ற பதவியைக் குறிக்க இன்றுவரை அதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றனர். யார் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அவர் ஊரழிப்பவரே.

மேதகு உருண்டையார்

துணை அதிபர் ஜான் ஆடம்சின் கதை சிரிப்புக்குரியது. 1789இல் அதிபரை எப்படி விளிப்பது என்று செனட் சபை வாரக்கணக்கில் விவாதித்தது. அரசருக்கு நிகரான பட்டம் வேண்டும் என்று ஆடம்ஸ் விடாப்பிடியாக நின்றார். ‘மாட்சிமை தங்கிய அதிபர், மக்கள் உரிமைகளின் காவலர்’ என்ற அளவுக்குப் பேச்சு போனது. கடைசியில் வெறும் ‘அதிபர்’ என்பதே நிலைத்தது. பட்டத்துக்கு இத்தனை ஆசைப்பட்டவருக்கு ஒரு பட்டமாவது கிடைக்கட்டும் என்று, உயரம் குறைந்து பருத்த உடல்வாகு கொண்ட அவருக்கு எதிராளிகள் ‘மேதகு உருண்டையார்’ என்று சூட்டிவிட்டனர். பின்னாளில் அவரும் அதிபரானார், பெயர் போகவில்லை.

வைரம் பாய்ந்த கட்டை

ஏழாவது அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் பெயர் ‘ஓல்ட் ஹிக்கரி’. ஹிக்கரி என்பது கோடரிக்குப் பிடி போடப் பயன்படும், எளிதில் முறியாத மரம். 1813இல் டென்னசியின் தன்னார்வப் படையோடு மிசிசிப்பியின் நாச்செஸ் வரை சென்ற ஜாக்சனுக்கு, படையை அங்கேயே கலைத்துவிடு என்று மேலிடத்து உத்தரவு வந்தது. சம்பளம் இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, பலர் நோயில் கிடந்தனர். அவர் உத்தரவை ஏற்கவில்லை. தம் குதிரைகளை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரம் படையோடு நடந்தே ஊர் திரும்பினார். இந்த ஆள் ஹிக்கரி மாதிரி உறுதியானவர் என்று சிப்பாய்கள் சொன்னது ஒட்டிக்கொண்டது. ‘கிழட்டு’ என்ற அடைமொழி அன்பினால் வந்தது. அப்போது அவருக்கு வயது 46தான்.

அதே ஜாக்சனைக் கிரீக் இன மக்கள் ‘கூர்ங்கத்தி’ என்றனர். 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் நடந்த போரில் 800க்கும் மேற்பட்ட கிரீக் வீரர்கள் இறந்தனர். அதிபரான பிறகு 1830இல் அவர் கையெழுத்திட்ட சட்டம், தென்கிழக்கில் வாழ்ந்த பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் விரட்ட வழிசெய்தது. 1838இல் செரோக்கி மக்கள் நடத்திச் செல்லப்பட்ட அந்தப் பாதைக்குக் ‘கண்ணீர்ப் பாதை’ என்று பெயர். ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் செரோக்கியர்கள் ஜாக்சனின் பக்கம் நின்று போரிட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1828 தேர்தலில் எதிர்த்தரப்பு ஜாக்சனைக் கழுதை என்றது. அவர் கோபப்படாமல் கழுதையை ஏற்றுக்கொண்டார். ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை சின்னமாக ஒட்டியதன் தொடக்கம் இதுதான். பிற்காலத்தில் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் அதை நாடறியச் செய்தார்.

‘ஓகே’ வந்த வழி

ஜாக்சனுக்குப் பின் வந்த மார்ட்டின் வான் புரனை இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய பட்டப்பெயரைத் தினமும் உச்சரிக்காதவர் இல்லை.

1830களின் இறுதியில் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளில் ஒரு விளையாட்டு பரவியது. வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதுவது, பிறகு அதைச் சுருக்குவது. ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதி, முதலெழுத்துகளை மட்டும் எடுத்து ‘ஓ.கே.’ ஆக்கினர். 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் அது அச்சேறியது. இத்தகைய சுருக்கங்கள் அப்போது பல இருந்தன. அவை பின்னர் மறைந்துபோயின.

இது மறையாமல் நின்றதற்குப் பெரிய காரணம் வான் புரன். நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற சிற்றூரில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ.கே.தான். 1840 தேர்தலில் அவருடைய ஆதரவாளர்கள் ‘ஓ.கே. சங்கங்கள்’ அமைத்து ஊர்வலம் போனார்கள். எதிர்த்தரப்போ அந்த இரண்டு எழுத்துக்கும் வாய்க்கு வந்த விரிவாக்கங்களைக் கொடுத்துக் கேலி செய்தது. இந்தச் சண்டையில் சொல் நாடு முழுவதும் பரவியது. ஓகேயின் பிறப்பு பற்றிப் பல கதைகள் உலவினாலும், 1960களில் மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைத் தோண்டி இந்த வரலாற்றை நிறுவினார்.

சொல் வென்றது, வான் புரன் தோற்றார். 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் அவர் பெயரையே திரித்து ‘மார்ட்டின் வான் ருயின்’, அதாவது நாசம் செய்தவர், என்று மக்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தனர்.

அவரை வென்ற வில்லியம் ஹென்றி ஹாரிசனின் கதை இன்னும் வேடிக்கை. வயதான இவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மது கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்து காலத்தை ஓட்டிவிடுவார் என்று பால்டிமோர் பத்திரிகை ஒன்று ஏளனம் செய்தது. ஹாரிசன் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. எங்கள் வேட்பாளர் குடிசைவாசி, ஏழைகளின் தோழர் என்று ஊர் ஊராக மரக்குடிசை மாதிரிகளை இழுத்துச் சென்று ஆப்பிள் மதுவை ஊற்றிக் கொடுத்தனர். 1811இல் பழங்குடியினரோடு நடத்திய டிப்பக்கனூ ஆற்றங்கரைப் போரை வைத்து ‘டிப்பக்கனூ’ என்றும் அவரை அழைத்தனர். உண்மையில் ஹாரிசன் வெர்ஜினியாவில் பெரும் பண்ணை மாளிகையில் பிறந்தவர். அவருடைய தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஆடம்பரப் பேர்வழி என்று தூற்றப்பட்ட வான் புரன்தான் சிற்றூரில் விடுதி நடத்தியவரின் மகன்.

பதவியேற்ற 31ஆம் நாளில், 1841 ஏப்ரல் 4ஆம் தேதி, ஹாரிசன் இறந்தார். அதிபர் இறந்து துணை அதிபர் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. ஜான் டைலருக்கு உடனே ‘மேதகு தற்செயலார்’ என்ற பெயர் கிடைத்தது. ‘இடைக்கால அதிபர்’ என்று முகவரியிட்டு வந்த கடிதங்களை அவர் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார். இன்று துணை அதிபர் முழு அதிபராவது இயல்பாகத் தோன்றுகிறதென்றால் அந்தப் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

வேலிக்கட்டையும் சுருட்டும்

ஆபிரகாம் லிங்கனின் ‘நேர்மையான ஏப்’ என்ற பெயர், அவர் கடைக்காரராகவும் வழக்கறிஞராகவும் இருந்த காலத்தில் தானாக வளர்ந்தது. ‘கட்டை பிளப்பவர்’ என்ற பெயரோ திட்டமிட்டுத் தயாரிக்கப்பட்டது. 1860 மே மாதம் இல்லினாய் மாநிலம் டெகேட்டரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், லிங்கனின் உறவினர் ஜான் ஹேங்க்ஸ் இரண்டு பழைய வேலிக்கட்டைகளைத் தூக்கி வந்தார். 1830இல் லிங்கன் இளைஞராக இருந்தபோது பிளந்தவை இவை என்று அதில் தொங்கிய பதாகை சொன்னது. மண்டபம் அதிர்ந்தது. இவற்றை நான்தான் பிளந்தேனா தெரியாது, ஆனால் இவற்றைவிட நல்ல கட்டைகளைப் பிளந்திருக்கிறேன் என்ற பொருளில் லிங்கன் பேசினார். நேர்மையானவர் என்ற பெயருக்கும் பங்கமில்லை, கட்டைக்கும் பங்கமில்லை. பத்து நாள்களுக்குள் சிகாகோவில் அவர் கட்சியின் அதிபர் வேட்பாளரானார்.

யுலிசஸ் கிராண்டுக்குப் பட்டப்பெயர் எழுத்துப் பிழையில் பிறந்தது. அவருடைய இயற்பெயர் ஹைரம் யுலிசஸ் கிராண்ட். ராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் தவறுதலாக ‘யுலிசஸ் எஸ். கிராண்ட்’ என்று எழுதிவிட்டார். யு.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்த சக மாணவர்கள் ‘அங்கிள் சாம்’ என்று தொடங்கி ‘சாம்’ என்றே கூப்பிட்டனர். 1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையில் எதிரியிடம் நிபந்தனையற்ற சரணடைவைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்று கிராண்ட் எழுதியபோது, அதே இரு எழுத்துகளுக்கு ‘நிபந்தனையற்ற சரண்’ என்று ஆங்கிலத்தில் புது விரிவு கிடைத்தது. அந்தச் சண்டையின்போது அவர் வாயில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுத, ரசிகர்கள் ஆயிரக்கணக்கான சுருட்டுகளை அனுப்பிவைத்தனர். 1885இல் அவர் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

கிராண்டின் ‘எஸ்’ எதையும் குறிக்கவில்லை. 33ஆவது அதிபர் ஹாரி எஸ். ட்ரூமனின் ‘எஸ்’ஸும் அப்படித்தான். இடுகுறிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கரடி பொம்மை

தியோடர் ரூஸ்வெல்ட் 1902 நவம்பரில் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து பேர்பெற்ற வேட்டைக்காரராக உயர்ந்த கறுப்பினத்தவர். அவர் ஒரு கரடியை அடித்து வீழ்த்தி மரத்தில் கட்டிவைத்து, சுடுவதற்கு அதிபரை அழைத்தார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வேட்டை ஆகாது என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். நவம்பர் 16ஆம் தேதி வாஷிங்டன் போஸ்டில் கிளிஃபர்ட் பெரிமன் இதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து நியூயார்க்கின் புரூக்ளினில் கடை வைத்திருந்த மிச்டம் தம்பதியர் துணியில் கரடி பொம்மை தைத்து ‘டெடியின் கரடி’ என்று விற்றனர். ‘டெடி பேர்’ பிறந்தது.

சித்திரம் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அந்தக் கரடி தப்பவில்லை. அடிபட்டுக் கிடந்த அதன் வேதனையை முடிக்கச் சொல்லி ரூஸ்வெல்ட் உத்தரவிட, கத்தியால் கொன்றார்கள். ‘டெடி’ என்று கூப்பிடுவதும் அவருக்குப் பிடிக்காது. ‘கர்னல்’ என்பதையே விரும்பினார்.

ஹூவர்: ஒரு பெயரின் ஏற்ற இறக்கம்

ஹெர்பர்ட் ஹூவர் வித்தியாசமானவர். அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததைவிட, அவர் பெயரையே மக்கள் பொருள்களுக்குப் பட்டப்பெயராக வைத்தது அதிகம்.

முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் பட்டினியால் வாடிய மக்களுக்கு உணவு சேர்த்த பெரும் பணியை முன்னின்று நடத்தியவர் ஹூவர். 1917இல் அமெரிக்காவின் உணவு நிர்வாகத் தலைவரானார். போர்க்காலத்தில் உணவை வீணாக்காமல் சிக்கனமாகச் சமைப்பதை ‘ஹூவரைஸ்’ செய்வது என்று இல்லத்தரசிகள் சொன்னார்கள். பெயர் அப்போது புண்ணியச் சொல்.

1929இல் அதிபரானார். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போனவர்கள் தகரமும் அட்டையும் பழைய பலகையும் கொண்டு நகர ஓரங்களில் கொட்டகை போட்டுக் குடியேறினர். அந்தக் குடியிருப்புகளுக்கு ‘ஹூவர்வில்’ என்று பெயர் வந்தது. சியாட்டிலில் ஒன்று பல ஆண்டுகள் நின்றது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவிலேயே ஒன்று முளைத்தது. படுக்கும்போது மேலே போர்த்திக்கொள்ளும் பழைய செய்தித்தாள் ‘ஹூவர் போர்வை’. காசில்லாத சட்டைப் பையை வெளியே இழுத்துத் தொங்கவிட்டால் அது ‘ஹூவர் கொடி’. காலணியின் ஓட்டையை அடைக்கும் அட்டை ‘ஹூவர் தோல்’. பெட்ரோல் வாங்க முடியாமல் குதிரை பூட்டி இழுத்த மோட்டார் கார் ‘ஹூவர் வண்டி’.

1932 கோடையில், போர்க்காலத்துக்கான ஊக்கத்தொகையை உடனே தரக் கேட்டு முன்னாள் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு தலைநகர் வாஷிங்டனில் முகாமிட்டனர். ஜூலை 28ஆம் தேதி ராணுவம் அவர்களை விரட்டியது, கொட்டகைகள் தீக்கிரையாயின. நவம்பர் தேர்தலில் 48 மாநிலங்களில் 42ஐ ஹூவர் இழந்தார். 1933இல் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை.

நெருக்கடி முழுவதும் ஹூவர் செய்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனாலும் பட்டினி கிடந்தவன் யார் பெயரைச் சொல்லிப் போர்த்திக்கொண்டான் என்பது பதிவாகிவிட்டது. கதை அத்தோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல், அதிபர் ட்ரூமனின் வேண்டுகோளின்படி ஹூவர் ஜெர்மனி சென்று உணவு நிலைமையை ஆராய்ந்தார். அதன் பலனாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சூடான உணவை ஜெர்மானியர்கள் ‘ஹூவர் சாப்பாடு’ என்றார்கள்.

தூசு உறிஞ்சும் ‘ஹூவர்’ இயந்திரத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை.

வஞ்சப்புகழ்ச்சி

லிண்டன் ஜான்சன் 1948இல் டெக்சசில் செனட் வேட்பாளர் தேர்வுக்கு நின்றார். ஏறக்குறைய பத்து லட்சம் வாக்குகளில் 87 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அலிஸ் என்ற ஊரின் 13ஆம் எண் வாக்குப் பெட்டியில் தாமதமாகச் சேர்ந்த சுமார் 200 வாக்குகளே முடிவை மாற்றின. சேர்ந்த பெயர்கள் அகர வரிசையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. அன்று முதல் அவர் ‘அமோக வெற்றி லிண்டன்’. புகழ்வது போல இகழ்வது. 1964 அதிபர் தேர்தலில் 61 விழுக்காட்டு வாக்குகளோடு உண்மையிலேயே அமோகமாக வென்றார்.

ரிச்சர்ட் நிக்சனுக்கு ‘தந்திரக்கார டிக்’ என்ற பெயர் 1950 கலிஃபோர்னியா செனட் தேர்தலில் ஒட்டியது. போட்டியாளர் ஹெலன் டக்ளசைக் கம்யூனிஸ்ட் சாயல் கொண்டவர் என்று குறிக்க ‘இளஞ்சிவப்புச் சீமாட்டி’ என்ற பட்டத்தை நிக்சன் தரப்பு பரப்பியது. பதிலுக்குக் கிடைத்தது இது. டக்ளஸ் தோற்றார். ஆனால் அவர் தரப்பின் பெயர், 1974இல் வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் பதவி விலகும்வரை கூடவே வந்தது.

ரோனல்ட் ரீகனுக்கு ‘டெஃப்லான் அதிபர்’ என்று பெயர் வைத்தவர் காங்கிரஸ் உறுப்பினர் பெட்ரிஷியா ஷ்ரோடர். 1983இல் ஒருநாள் காலையில் ஒட்டாத சட்டியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது, எந்தப் பழியும் இவர் மேல் ஒட்டுவதில்லையே என்று தோன்றியதாம்.

பராக் ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தை எதிராளிகள் ‘ஒபாமாகேர்’ என்று பழித்தனர். ஜாக்சன் கழுதையை ஏற்றதைப் போல அவரும் அதை ஏற்றுக்கொண்டார். இன்று சட்டத்தின் முழுப் பெயரைச் சொன்னால்தான் பலருக்குப் புரியாது.

பெயர் வைக்கும் அதிபர்

டிரம்ப்பின் காலத்தில் திசை மாறியது. ‘தி டோனல்ட்’ என்ற பெயர் அவருக்கு 1980களிலேயே உண்டு. செக் நாட்டில் பிறந்த அவருடைய முதல் மனைவி இவானா பேசிய ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் அரசியலில் அவர் பெயர் வாங்கியதைவிடக் கொடுத்ததே அதிகம். ஹிலரி கிளிண்டன் ‘கோணல் ஹிலரி’ ஆனார், டெட் குரூஸ் ‘பொய்யர் டெட்’ ஆனார். மக்களும் பத்திரிகைகளும் அதிபருக்குப் பெயர் வைத்த நாட்டில் அதிபரே மேடையில் நின்று பெயர் சூட்டினார்.

ஜோ பைடனுக்கு டிரம்ப் கொடுத்தது ‘தூங்குமூஞ்சி ஜோ’. அவருக்கு அதற்கு முன்பே வேறொரு பெயர் இருந்தது: அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனத்தின் பெயரில் ‘ஆம்ட்ராக் ஜோ’. 1972 டிசம்பரில், செனட் உறுப்பினராகத் தேர்வாகிச் சில வாரங்களில், சாலை விபத்தில் மனைவியையும் பெண் குழந்தையையும் இழந்தார். காயத்தோடு பிழைத்த இரண்டு மகன்களும் இரவில் தனியாக இருக்கக்கூடாது என்று, தலைநகரில் வீடு எடுக்காமல் தினமும் டெலவேரின் வில்மிங்டனிலிருந்து ரயிலில் போய்வந்தார். பிள்ளைகள் வளர்ந்த பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. 36 ஆண்டுகள் அப்படியே போனது. பெயர் அந்தப் பயணத்திலிருந்து வந்தது. 2011இல் வில்மிங்டன் ரயில் நிலையத்துக்கே அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.